கேள்வி மேடை: ஜெனரேட்டருக்குப் பதில் ஹைட்ரஜன் வைக்கலாமா?

கே: கோத்தகிரியில் நாலு அறை வாடகைக்கு விடுகிறேன். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் சில சமயம் இரண்டு நாள் வராது. டீசல் ஜெனரேட்டர் சத்தத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஹைட்ரஜன் எரிபொருள் கலம் சத்தமே போடாதாமே? அதைத் தண்ணீரிலிருந்து எடுக்கலாம் என்றால், எங்கள் ஊரில் தண்ணீருக்கா பஞ்சம்?

ப: தண்ணீர் பிரச்சினையே இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர், ஒரு வாளிகூட இல்லை. இடிப்பது கரண்ட்தான். அந்த 9 லிட்டரை மின்னாற்பகுப்பில் பிரிக்க 50 முதல் 55 யூனிட் ஆகும், கிடைத்த ஒரு கிலோவைக் கலத்தில் விட்டால் திரும்ப வருவது 16, 17 யூனிட்தான், அதாவது மூன்று போட்டு ஒன்று எடுக்கிற வியாபாரம். லித்தியம் பேட்டரியில் போட்டதில் பத்துக்கு ஒன்பது பங்கு வரை திரும்பி வந்துவிடுகிறது.

சரி, சிலிண்டராகவே வாங்கிக்கொள்கிறேன் என்பீர்கள். ஆள் உயர இரும்புச் சிலிண்டரில், காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்கு அழுத்தி அடைத்தாலும், அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். அது பத்து யூனிட்டுக்குக் காணும். உங்கள் நாலு அறையிலும் கீசரைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான். அதற்காக மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தனை வளைவும் ஏற்றிக்கொண்டு வர வேண்டுமா?

கலத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு சவ்வு. பிளாட்டினம் ஹைட்ரஜனைப் பிரித்ததும் புரோட்டான் சவ்வு வழியாகப் போகிறது, எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றி வருகிறது, அதுதான் கரண்ட். மறுபக்கம் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் மிச்சம் தண்ணீர். ஆனால் ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்துதான் வர வேண்டும். நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே காற்றைத் தள்ளும் விசிறியோ கம்ப்ரசரோ கூடுதலாக உழைக்கும், அதற்குக் கரண்ட்டும் கலத்திலிருந்தே போகும், சத்தமும் அங்கிருந்துதான் வரும்!

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியிலும் சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவிலும் இந்தக் கலங்களில் ஆராய்ச்சி நடக்கிறது. பிளாட்டினத்தைக் குறைப்பதும் சவ்வின் ஆயுளைக் கூட்டுவதும்தான் இந்தத் துறையின் பெரிய தலைவலிகள். அவை தீரும்வரை நல்ல பேட்டரி ஒன்று வாங்குங்கள். ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள், இரண்டாம் நாள் இருட்டுக்கு அது வேண்டும்.

கே: ஹைட்ரஜன் குண்டும் இதுவும் ஒன்றா?

ப: இல்லை. அது அணுக்கரு இணைவு, இது வெறும் வேதிவினை. கசிந்தால் தீப்பிடிக்கும் என்பது மட்டும் நிஜம், வீட்டு கேஸ் சிலிண்டரைப்போல.

கே: நம்ம மலை ரயில் ஹைட்ரஜனில் ஓடுமா?

ப: பாரம்பரிய, மலைப் பாதைகளுக்கு 35 ஹைட்ரஜன் ரயில் என்று ரயில்வே அறிவித்தது உண்மை. முதல் ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கு, அதன் பெட்டி 2025 ஜூலையில் சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் சோதிக்கப்பட்டது. அது சமதரை. இங்கே கல்லாறுக்கு மேல் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற வேண்டும். என்னைக் கேட்டால், டீசல் இழுக்கிற குன்னூர்–ஊட்டி பகுதியில் முயன்று பார்க்கட்டும், கீழே நீராவியைத் தொட வேண்டாம். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கிற நேரத்தில்தானே நாம் இறங்கி வடை தின்கிறோம்? ஹைட்ரஜன் வண்டி தண்ணீர் குடிக்காது, கக்கும்.