தேரூர்க் குளத்தங்கரையில் கூடாரம் போடலாமா?

அண்ணாச்சி, டிசம்பர் விடுமுறையில் தேரூர்க் குளத்தங்கரையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க நினைக்கிறோம். ஐந்து பேர். முடியுமா? (மார்த்தாண்டம்)

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நம் குமரி மாவட்டத்தின் சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் அரசு அறிவித்த காப்பகம். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. காப்பகத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது, குப்பை போடுவது, பறவைகளைச் சீண்டுவது எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஐந்து இளவட்டங்கள் இரவு முழுக்கக் குளக்கரையில் இருந்தால் மூன்றில் ஒன்றாவது நடந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் தங்காதீர்கள். நாகர்கோவிலில் அறை எடுங்கள். சுசீந்திரம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். விடியும்போது கரையில் நிற்கலாம்.

பிள்ளைகள் கூடாரம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களே? (தக்கலை)

சொந்தக்காரர் விளையில் (தோப்பில்) போடுங்கள், ஆனால் தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த மட்டை விழும். வயலை ஒட்டிய பள்ளமும் ஆகாது. ஒரு மழைக்குப் பாய் மிதக்கும். காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் துணி ஒழுகுகிறது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மூச்சின் ஈரம்தான். மேலே உள்ள காற்றுத் திறப்பை மூடாமல் படுங்கள்.

எந்த மாதம் வந்தால் பறவைகள் நிறையத் தெரியும்? போன முறை நீளவால் இலைக்கோழியைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். (திருநெல்வேலி)

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் நவம்பரில் குடை இல்லாமல் வராதீர்கள். வடக்கே குளிர் தொடங்கியதும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் இறங்கிவிடும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதையின் தென்கோடி இது.

இலைக்கோழி விஷயத்தில் உங்களை ஏமாற்றியது அதன் பெயர். அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில்தான் இருக்கும். குளிர்காலத்தில் அது வெறும் குட்டைவால் பறவை: பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மார்பில் ஒரு கறுப்புப் பட்டை. வாலை மறந்துவிட்டுக் காலைப் பாருங்கள். சிலந்திக் கால் போல விரிந்த விரல்களால் உடல் எடையைப் பரப்பி, தாமரை இலை மேல் நிதானமாக நடந்து போகும். பக்கத்திலேயே நத்தைகுத்தி நாரை நிற்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வேறு நாரையோடு குழம்ப மாட்டீர்கள்.

சத்தம் போடாமல் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். கரை நெடுக நடப்பவரைவிட நிற்பவருக்கே அதிகம் தெரியும்.

பைனாகுலர் எது வாங்கலாம்? (குளச்சல்)

8x42. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்கண்ணாடி. அதற்கு மேல் பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

மணக்குடியில் என்ன இருக்கிறது? (அஞ்சுகிராமம்)

பழையாறு கடலில் சேரும் காயல், அலையாத்தி மரங்கள். நீர் வற்றியிருக்கும் வேளையில் போனால் சேற்றில் இரை தேடும் பறவைகளைப் பார்க்கலாம். பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் மூடியிருந்தால் கதை வேறு. தண்ணீர் தேங்கிச் சேறு மூழ்கிவிடும். பூநாரை ஆசை இருந்தால் புத்தளம் உப்பளப் பக்கம் தேடுங்கள். பாத்திகளுக்குள் இறங்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

பாம்பு பயம்? (வடசேரி)

வயல் வரப்பில் கண்ணாடி விரியன் இருக்கும். இருட்டில் டார்ச்சும் காலணியும் கட்டாயம். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவும் வருகிறார். பறவை என்றாலே அவருக்குக் கொட்டாவி வரும்! (மதுரை)

தாணுமாலயன் கோவில் சுசீந்திரம் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை அங்கே விட்டுவிடுங்கள். தமிழ் ஆர்வம் உள்ளவர் என்றால் தேரூர்தான் கவிமணி பிறந்த ஊர் என்று சொல்லிப் பாருங்கள், அவரே முதலில் கிளம்பிவிடுவார்.