அமெரிக்காவுல எச்1பி வேலை விசாவுல இருக்கேன், ஓட்டு கிடையாது. கிரீன் கார்டு மசோதா பத்தி காங்கிரஸ்மேன் (நம்ம ஊர் எம்பி மாதிரி) ஆபீஸுக்கு போன் பண்ணா பிரயோஜனம் இருக்கா?

இருக்கு, பண்ணுங்க. ஓட்டு இல்லாதவன் பேச்சை யார் கேப்பான்னு நானும் பல வருஷம் வாயை மூடிட்டு இருந்தவன்தான், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். உங்களுக்கு இப்பதான் ஐ-140 (கம்பெனி நமக்காக போடற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகி, எந்த தேதிக்காரங்க முறை வந்திருக்குன்னு சொல்ற விசா புல்லட்டினை மாசா மாசம் பாக்க ஆரம்பிச்சிருப்பீங்க, பசங்க சின்னவங்களா இருப்பாங்கன்னு நெனக்கிறேன். அப்படின்னா இப்பவே ஆரம்பிங்க.

நாங்க 2010ல நார்த் கரோலினா வந்தோம், பொண்ணுக்கு அப்ப 7 வயசு. என் பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசைல என் எடத்தை குறிக்கற தேதி, 2015 மார்ச். 2020 அக்டோபர் புல்லட்டின்ல இந்தியா இபி-3 (வேலைவாய்ப்புல மூணாவது பிரிவு) பைலிங் டேட் 2015 ஜனவரி 1 வரைக்கும் வந்துச்சு, தெரிஞ்சவங்க நிறைய பேர் ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கான கடைசி அப்ளிகேஷன், போட்டாங்க, எனக்கு ரெண்டு மாசத்துல போச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் சோறு எறங்கல. வருஷத்துக்கு 1,40,000 வேலைவாய்ப்பு கிரீன் கார்டு, அதுலயே பொண்டாட்டி புள்ளைங்களும் அடக்கம், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான்னு 1990ல போட்ட கணக்கு. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7.

போன் விஷயத்துக்கு வரேன். 2019 ஜூலைல இந்த நாட்டு வாரி லிமிட்டை எடுக்கற எச்.ஆர். 1044 மசோதா கீழ்சபையான ஹவுஸ்ல 365க்கு 65ன்னு பாஸ் ஆச்சு. மேல்சபையான செனட்ல அதுக்கு எஸ். 386ன்னு பேர், செனட்டர் மைக் லீ கொண்டுவந்தது. அங்க யாரும் ஆட்சேபிக்கலேன்னா ஓட்டெடுப்பே இல்லாம பாஸ் பண்ணலாம், ஆனா ஒரே ஒரு செனட்டர் எந்திரிச்சு வேணாம்னு சொன்னாலும் அப்படியே நின்னுடும், அப்படி பல தடவை நின்னுச்சு. அப்பதான் லஞ்ச் டைம்ல ஆபீஸ் பார்க்கிங்ல காருக்குள்ள உக்காந்து, வாட்ஸப் குரூப்ல வந்த ஸ்கிரிப்டை பிரிண்ட் எடுத்து ஸ்டியரிங் மேல வெச்சுக்கிட்டு செனட்டர் ஆபீஸுக்கு போன் பண்ணேன். கை வேர்த்து பேப்பர் நனைஞ்சிடுச்சு. எடுத்த பையன் ஜிப் கோட் மட்டும் கேட்டான். சிட்டிசனா, என்ன விசா, எதுவும் கேக்கல. படிச்சேன், "சொல்லிடறேன்"னான், ஒரு நிமிஷம்கூட ஆகல.

ரெண்டாவது வாரம் பேப்பர் இல்லாம பேசினேன். என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து இங்கதான் படிக்கறா, 21 வயசு ஆனா என் அப்ளிகேஷன்லேர்ந்து அவ பேர் போயிடும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சட்டப்படி வந்திருக்கீங்க, அப்புறம் எப்படி போகும்?"னு கேட்டான். செனட்டர் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவனுக்கே தெரியல. சின்ன வயசுல வந்த பசங்களுக்கான டாக்கா (DACA) பாதுகாப்பும் கிடையாது, அது சட்டப்படி ஸ்டேட்டஸ் இல்லாதவங்களுக்குன்னு சொன்னப்ப, எழுதிக்கறேன், மெதுவா சொல்லுங்கன்னான். நான் பேசினதுலயே ஒரு ஆள் நெஜமா காது குடுத்து கேட்ட நிமிஷம் அதுதான்.

அப்புறம் பேர் கேட்டான் பாருங்க, அங்கதான் எனக்கு வலி. நம்மளுக்கு சர்நேம் ஏது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்ததால விசாவுல என் பேரை சர்நேம் எடத்துல போட்டு, முதல் பேருக்கு எஃப்என்யூன்னு அடிச்சுட்டாங்க, பேர் தெரியாதவன்னு அர்த்தம். டிரைவிங் லைசென்ஸ்லயும் அதே. கிளினிக் வெயிட்டிங் ஹால்ல "ஃப்னூ"ன்னு கூப்பிடறப்ப பொண்ணு முன்னாடி எந்திரிச்சு போகணும். எங்கப்பா பாத்து பாத்து வெச்ச பேர் அது. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா இதை எழுதாம இருக்க முடியல. புதுசா வரவங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலம் காலியா விடாதீங்க.

எஸ். 386 கடைசில 2020 டிசம்பர் 2ஆம் தேதி செனட்ல பாஸ் ஆச்சு, ஆனா நிறைய மாத்தியிருந்தாங்க, ஹவுஸோட ஒத்துப்போகறதுக்குள்ள 2021 ஜனவரி 3ல அந்த காங்கிரஸோட (அமெரிக்க பார்லிமெண்ட்) ரெண்டு வருஷ காலமே முடிஞ்சு மசோதா செத்துப்போச்சு. 2022 டிசம்பர்ல அதே லிமிட்டை எடுக்கற ஈகிள் ஆக்ட் ஹவுஸ் ஓட்டுக்கு வர இருந்து அதையும் எடுத்துட்டாங்க. பொண்ணுக்கு 2024ல 21 ஆச்சு. ஐ-140 பெண்டிங்ல இருந்த நாளை வயசுல கழிக்கலாம், ஆனா நான் பிரீமியம்ல போட்டதால 12 நாள்தான் கழிஞ்சுது. சீக்கிரம் வரட்டும்னு காசு கட்டினது அவளுக்கே எதிரா போச்சு. இப்ப எஃப்-1 மாணவர் விசாவுல இருக்கா, வளர்ந்த ஊர்லயே வெளிநாட்டு மாணவி.

அப்ப போன் பண்ணி என்ன கிழிச்சேன்னு சிலர் கேப்பாங்க, ஊருக்கு திரும்பி போன்னும் எழுதுவாங்க. லிமிட்டை எடுத்தா மத்த நாட்டுக்காரங்க காத்திருக்க வேண்டி வரும்ங்கறதும் நியாயமான பேச்சுதான், அதனால மொத்த எண்ணிக்கையை கூட்டுங்கன்னும் சேத்தே கேளுங்க. ஆனா ஒண்ணு, தொகுதி பிரிக்க சென்சஸ்ல நம்மளையும் எண்ணித்தான் பிரிக்கறாங்க. அந்த ஆபீஸ் நமக்கும் சேர்ந்ததுதான்.

போன வருஷம் எங்க எம்பியோட லோக்கல் ஆபீஸுக்கு பொண்ணை கூட்டிட்டு போனேன். நான் ஆரம்பிச்சேன், "அப்பா, நான் பேசறேன்"னு கையை பிடிச்சு நிறுத்திட்டா. ஆபீஸ்ல இருந்த அம்மா பேனாவை கீழ வெச்சுட்டு இருபது நிமிஷம் கேட்டாங்க. கிளம்பறப்ப அவ காலேஜ் இருக்கற ஊர் ஜிப் கோட் கேட்டு, அந்த தொகுதி ஆபீஸுக்கும் போன் பண்ணுன்னாங்க. பண்ணிட்டுதான் இருக்கா.

மசோதா நம்பரை முதல்ல சொல்லுங்க, ஸ்கிரிப்டை படிக்காதீங்க, உங்க வீட்டு கதையை ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க. வாய்ஸ்மெயில் வந்தாலும் ஜிப் கோடோட பேசிட்டு வைங்க.