டைப் 1 சர்க்கரை: படுக்கும்போது 130, விடிந்தால் 270. இரவு இன்சுலினைக் கூட்டலாமா?

இப்போதைக்குக் கூட்டாதீர்கள். “இரண்டு நாள் சரியாக இருக்கிறது, மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் ஏறுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியில் எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்கு 13 வயதில் டைப் 1 என்று தெரிந்தது. இப்போது 34. காலை 6 மணி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது, ராத்திரி 8 மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் என்பிஹெச் போடுவேன். பால் போலக் கலங்கலாக இருக்குமே, அந்த இன்சுலின். காலையில் தினமும் 250-ஐத் தாண்டியது. யாரையும் கேட்காமல் 4 யூனிட் கூட்டினேன். இரண்டாம் நாள் ராத்திரி 2 மணிக்கு, தலையணை வரை வியர்வையில் நனைந்து, கை நடுங்கி விழித்தேன். எழுந்து விளக்கைப் போடக்கூட முடியவில்லை. பக்கத்துக் கட்டில் அக்காதான் விரலில் குத்திப் பார்த்தார், 46. அவரே குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினார்.

என்பிஹெச் போட்ட நான்கைந்து மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், விடியும்போது ஓய ஆரம்பித்துவிடும். 8 மணிக்குப் போட்டால் உச்சம் நடுராத்திரியில். எனக்குத் தேவைப்பட்டதோ விடிகாலையில். டாக்டர் அளவைக் கூட்டவில்லை, நேரத்தைப் படுக்கைக்குத் தள்ளினார். பிறகு, பெரிய உச்சம் இல்லாமல் நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினுக்கு மாற்றினார். நீங்கள் என்ன இன்சுலின், எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. முதலில் அதைப் பாருங்கள். கலங்கல் இன்சுலின் என்றால், உள்ளங்கைகளுக்கு இடையில் நன்றாக உருட்டிய பிறகே போட வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் ஒரே 10 யூனிட் ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் வேலை செய்யும்.

ராத்திரி தாழ்ந்ததால்தான் காலையில் ஏறுகிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சோமோஜி விளைவு என்பார்கள். கையில் ஒட்டிக்கொண்டால் சர்க்கரையை விடாமல் பதிவு செய்யும் சென்சார்கள் வந்த பிறகு பார்த்தால், ராத்திரி தாழ்ந்தவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. தாழ்ந்தபோது பயந்துபோய் பால், பிஸ்கட், வாழைப்பழம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டால் காலையில் ஏறும்; அது எனக்கு நிறைய நடந்திருக்கிறது. தாழ்ந்தால் 15 கிராம் குளுக்கோஸ் மட்டும், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதனை. அந்தக் கால் மணி நேரம் பொறுப்பது கஷ்டம்தான்.

சரி, எந்த மணிக்கு ஏற ஆரம்பிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று நாள் ராத்திரி 11, 1, 3, காலை 6 என்று அலாரம் வைத்துக் குத்திப் பாருங்கள். முடிந்தால் ஒரே ஒரு லிப்ரே சென்சார் வாங்குங்கள், இரண்டு வாரம் வரும். எப்போதும் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு சென்சாரிலேயே உங்கள் ராத்திரி எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். சென்சார் இருக்கும் கைமேல் அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். விரலில் குத்திப் பார்க்காமல் அதை நம்பிச் சாப்பிட வேண்டாம்.

11 மணியிலிருந்து 2 மணிக்குள் ஏறினால் இரவுச் சாப்பாட்டைச் சந்தேகப்படுங்கள். இட்லி சீக்கிரம் ஏற்றும், சீக்கிரம் இறங்கும். பரோட்டா, பிரியாணி, ஃப்ரைட் ரைஸ் எல்லாம் எண்ணெயும் கறியுமாக வயிற்றில் மெதுவாகவே செரிக்கும். சாப்பாட்டுக்குப் போட்ட இன்சுலின் மூன்று நான்கு மணி நேரத்தில் அநேகமாக முடிந்துவிடும், அதற்கப்புறம்தான் பரோட்டாவின் பெரும்பங்கு ரத்தத்துக்கு வரும். அதனால் படுக்கும்போது நீங்கள் பார்க்கும் 130 அடங்கிய 130 ஆக இருக்காது. நான் பரோட்டாவை மதியத்துக்கு மாற்றினேன், இரவு ஏழரைக்குள் சாப்பிட்டு முடிக்கிறேன். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ராத்திரிகள் அடங்கின. ஏறிவிட்டதே என்று 11 மணிக்கு ஒரு ஊசி, 1 மணிக்கு இன்னொன்று என்று அடுக்காதீர்கள். முதல் ஊசியே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

3, 4 மணி வரை நேராக இருந்து, அப்புறம் மெல்ல மெல்ல, அதுவும் தினமும் ஏறினால் அது விடிகாலை ஏற்றம். அந்த நேரத்தில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் கூடும், கல்லீரல் சர்க்கரையை விடும். மற்றவர்களுக்கு கணையம் கூடக் கொஞ்சம் இன்சுலின் சுரந்து சமன் செய்துவிடுகிறது, நமக்கு அந்த வசதி இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இது அதிகம். டாக்டரிடம் பேசி நேரத்தையோ இன்சுலின் வகையையோ மாற்றினால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். பெண் என்றால் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களையும் நோட்டில் குறியுங்கள். எனக்கு அந்த வாரம் எல்லாமே கூடும்.

இப்போது உங்கள் ‘மூன்றாம் நாள்’. ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்குகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ஊசி போடும் இடத்தை. எனக்கும் இப்படித்தான் பல மாதம் போனது. ஒரு நர்ஸம்மா என்னைப் படுக்கவைத்து வயிற்றை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் விரல் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பிசைந்த மாவைத் தொட்டது போல, எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு. “வலிக்காத இடமாப் பார்த்து அங்கேயே போட்டுக்கிட்டு இருக்கியாம்மா?” என்று கேட்டார். ஆமாம். ஒரே இடத்தில் போடப் போட அடியில் கொழுப்பு தடிக்கும், வலி தெரியாது, அதனால் கை தானாக அங்கேயே போகும். அங்கே போட்ட இன்சுலின் ஒரு நாள் மெதுவாக இறங்கும், ஒரு நாள் சட்டென்று இறங்கும். இன்றைக்கே குளிக்கும்போது சோப்புக் கையோடு வயிறு, தொடை எல்லாம் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால் அதைவிட்டு மாற்றுங்கள். ஆனால் நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு அதிகமாகி சர்க்கரை தாழலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், ஊசியையும் அடிக்கடி மாற்றுங்கள்.

மேடு இல்லையென்றால் இன்சுலினைப் பாருங்கள். திறந்து 28 நாளுக்கு மேல் ஆனதா, வெயிலில் பையில் கிடந்ததா, ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டதா? குப்பி என்றால் சிரிஞ்சையும் சரிபாருங்கள்: மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

250-க்கு மேல் இறங்காமல் நின்று, கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பாருங்கள், விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். என் மீட்டர் பையில் கீட்டோன் ஸ்டிரிப் டப்பா எப்போதும் இருக்கும். நாளைக்கே ஒன்று வாங்கி வையுங்கள்.