ஆட்டம் முடிந்த பிறகுதானே ஓடினான்?

கேள்வி: ஐயா, நாங்கள் பன்னிரண்டு வருடங்களாகக் கிழக்கு லண்டனில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இங்கு வந்த நாள் முதல் ஒரே உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகன். கடந்த மாதம் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக மைதானத்துக்குள் இறங்கி ஓடியிருக்கிறான். யாரோ கொடுத்த, கொளுத்தினால் புகை கக்கும் புகைக்குழாயைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் படம் அவனுடைய கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. யாரையும் அடிக்கவில்லை, தள்ளவுமில்லை. இப்போது சீசன் டிக்கெட்டை இடைநிறுத்தியிருப்பதாகக் கழகத்திலிருந்து ஒரு கடிதமும், விருப்ப விசாரணைக்கு வரும்படி பொலிஸாரிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கின்றன. ஆட்டம் முடிந்த பிறகுதானே ஓடினான்? நானே அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடாதா? படங்களை அழித்துவிடச் சொல்லட்டுமா? அடுத்த கோடையில் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். கடவுச்சீட்டை வாங்கி வைத்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? மகனுக்கு நிரந்தர வதிவுரிமை இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தோம்.

பதில்: படங்களை அழிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டவற்றில் இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது, இதற்கு இல்லை. இன்று உங்கள் மகன் மீது இருப்பது சிறு குற்றச் சந்தேகம். விசாரணைக்கு அழைப்பு வந்த பிறகு சான்றை அழித்தால் அது நீதியின் போக்கைத் தடுத்த குற்றமாக மாறும். அந்த வழக்கு பாரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகும், பெரும்பாலும் சிறையில் முடியும். அழிக்கச் சொன்ன தகப்பனும் அதில் மாட்டிக்கொள்வார். அரங்கத்தின் கண்காணிப்புக் கமராக்களில் எப்படியும் எல்லாம் பதிவாகியிருக்கும். அது மட்டுமல்ல, அந்தப் படங்களே உங்கள் பக்கத்துச் சாட்சியாகலாம். அவர் எந்த நிமிடத்தில் இறங்கினார், எவ்வளவு நேரம் நின்றார், முகத்தை மறைத்தாரா, வீரர்களையோ எதிர்க்கழக ரசிகர்களையோ நெருங்கினாரா என்பதையெல்லாம் படமும் அதிலுள்ள நேரக்குறியும் சொல்லும்.

இனி, ஆட்டம் முடிந்த பிறகுதானே என்ற கேள்வி. இதே வார்த்தைகளைப் பல பெற்றோரிடமிருந்து கேட்டிருக்கிறேன். சட்டம் அந்தக் கதவை முன்பே அடைத்துவிட்டது. 1991 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குற்றங்கள் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, அனுமதியோ சட்டம் ஏற்கும் காரணமோ இல்லாமல் ஆடுகளத்துக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணிநேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணிநேரம் வரை அது செல்லும். ஏற்கக்கூடிய காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் மகனுடையதே. பின்னாலிருந்து நெரிசல் தள்ளியதால் இறங்கினேன் என்றால் அது ஒரு காரணம். எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன் என்பது காரணமல்ல. இதற்கு அதிகபட்சம் 1,000 பவுண் தண்டப்பணம், சிறை கிடையாது.

புகைக்குழாய் வேறு விடயம். விளையாட்டு அரங்கங்களில் மதுவைக் கட்டுப்படுத்தும் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, ஆட்டத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் புகை, தீப்பிழம்பு, வாணம் போன்றவற்றை வைத்திருப்பதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கொளுத்த வேண்டியதில்லை, கையில் வைத்திருந்தாலே போதும். மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். இன்னொருவர் கொடுத்தது என்பதால் குற்றம் மறையாது. ஆனால் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தவருக்கும், கையில் திணிக்கப்பட்டதைச் சில வினாடி பிடித்தவருக்கும் இடையே நீதவான் வித்தியாசம் பார்ப்பார்.

தண்டப்பணத்தோடு முடிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. உங்களை இந்தக் கடிதம் எழுதவைத்த பயத்தைவிடப் பெரிய விடயம் தண்டப்பணத்துக்குப் பின்னால் நிற்கிறது: ஆட்டங்களுக்குப் போகவிடாமல் நீதிமன்றம் விதிக்கும் உதைபந்தாட்டத் தடை உத்தரவு.

1989 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பார்வையாளர் சட்டத்தில் வேர்கொண்டு, 2000 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தின்போது பெல்ஜியத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் செய்த கலவரத்துக்குப் பின் இறுக்கப்பட்ட உத்தரவு இது. சில வருடங்களுக்கு முன்புவரை, தடை விதித்தால் வன்முறையோ ஒழுங்கின்மையோ குறையும் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று நீதிமன்றம் பார்க்கும். முதன்முறை தவறு செய்த பிள்ளைகளுக்காக நாங்கள் வாதாடி வென்ற இடம் அதுதான். 2021 யூலையில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் நுழைவுச்சீட்டு இல்லாதவர்கள் வாயில்களை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். தண்ட உதையைத் தவறவிட்ட மூன்று கறுப்பின வீரர்கள் மீது இணையத்தில் நிறவெறி கொட்டப்பட்டது. அதற்குப் பிறகு, 2022 இல், சட்டம் தலைகீழாகத் திரும்பியது. குற்றத்தீர்ப்பு வந்துவிட்டால் நீதிமன்றம் தடை விதித்தே ஆக வேண்டும். குறிப்பிட்ட குற்றத்தின் அல்லது குறிப்பிட்ட நபரின் சூழ்நிலையால் அது அநீதியாகிவிடும் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விலக்கு. விலக்கு அளித்தால் அதற்கான காரணத்தைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும்.

காலம், சிறை இல்லாத தண்டனையென்றால் மூன்று முதல் ஐந்து வருடம். உடனடிச் சிறையென்றால் ஆறு முதல் பத்து வருடம். 2022 மே மாதம் நொட்டிங்ஹாமில் மைதானத்துக்குள் ஓடிவந்து எதிரணி வீரர் ஒருவரைத் தலையால் முட்டிய ரசிகருக்கு 24 வாரச் சிறையும் பத்து வருடத் தடையும் கிடைத்தன. உங்கள் மகன் செய்தது அந்தத் தராசில் வைக்கக்கூடியதே அல்ல. ஆனாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால், அதே சட்டத்தின் மூன்று வருடம் அவர் தலையிலும் விழும். ஆகவே நமது வேலை தீர்ப்புக்குப் பிறகு தொடங்குவதல்ல. அந்த விசாரணை அறைக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

தடை என்றால் அவருடைய கழகத்தின் ஆட்டங்கள் மட்டுமல்ல. பிரீமியர் லீக் தொடங்கிக் கீழ்நிலை லீக்குகள் வரை, இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட எந்த ஆட்டத்துக்கும் போக முடியாது. உத்தரவு கிடைத்து ஐந்து நாட்களுக்குள் குறிப்பிட்ட பொலிஸ் நிலையத்தில் நேரில் பதிய வேண்டும். முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும். ஆட்ட நாட்களில் அரங்கத்தைச் சுற்றிய தெருக்களுக்குள் நுழையக்கூடாது என்றும் நீதிமன்றம் சேர்க்கலாம். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு வழக்குத்தொடுநர் தரப்பு ஒரு தாளில் வரைபடம் அச்சிட்டுக் கொடுத்தது. அரங்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அவர் சனிக்கிழமைகளில் வேலை செய்த மளிகைக் கடை கோட்டுக்கு உள்ளே. அவர் இறங்கும் பஸ் தரிப்பிடமும் உள்ளே. அந்தக் கோட்டை இரண்டு தெரு நகர்த்துவதற்காகவே ஒரு முழுக் காலை வாதாட வேண்டியிருந்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. மறந்துபோய்ப் பஸ்ஸில் அந்தத் தெருவைக் கடந்தேன் என்று சொல்லி நீதிமன்றில் நிற்க எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடாது.

நீங்கள் மன்னிப்புக் கேட்கும் யோசனைக்கு வருகிறேன். பெரியவர் ஒருவர் வந்து தாழ்ந்து பேசினால் விட்டுவிடுவார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை, நல்ல மனதிலிருந்து வருவது. இங்கே அது மகனைக் காப்பாற்றாது. அவர் பதினெட்டைத் தாண்டியவர். விசாரணை அறைக்குள் உங்களை விடமாட்டார்கள். வரவேற்பறையில் நின்று, என் மகன் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் சொன்னால் அதைக் கேட்ட அதிகாரி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

விருப்ப விசாரணை என்ற பெயரும் பலரை ஏமாற்றிவிடுகிறது. தேநீர் குடித்துப் பேசும் சந்திப்பல்ல அது. ஒலிப்பதிவோடு, எச்சரிக்கை வாசித்து நடக்கும் குற்ற விசாரணை. பேச வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் துணையாகக் கொள்ளப்போகும் ஒன்றை இப்போது சொல்லாமல் விட்டால் அது எதிர்வாதத்துக்குக் கேடாகலாம். இதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம். பேசுவதா, எழுத்தில் ஒரு கூற்று மட்டும் கொடுப்பதா, மௌனமாக இருப்பதா என்பதை, பொலிஸார் தம்மிடமுள்ள சான்றை வெளியிட்ட பிறகு சட்டத்தரணிதான் தீர்மானிக்க உதவ வேண்டும். அந்தச் சட்டத்தரணி இலவசம். வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். கைதாகாமல் தானாகப் போகிறவருக்கும் இந்த உரிமை உண்டு. திகதி நெருங்கிவிட்டது, சட்டத்தரணி கிடைக்கவில்லை என்றால் வேறு திகதி கேளுங்கள். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க மட்டும் வேண்டாம். வராதவரைக் கைது செய்ய அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க எனக்கு மனமில்லை. தடை உத்தரவுக்கு அடிப்படையான சட்டம் நிறைவேறிய அதே 1989 இல், ஏப்ரல் 15 ஆம் திகதி, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். ரசிகர்கள் குடித்துவிட்டு வந்ததே காரணம் என்று பொலிஸ் தரப்பு பழியைத் திருப்பியது. அது பொய். ரசிகர்களின் நடத்தை காரணமல்ல, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை யூரிகள் சொல்ல 2016 வரை ஆனது. இருபத்தேழு வருடம் தாய்மார்கள் படியேறினார்கள். ரசிகர் கூட்டம் பற்றிய பொலிஸ் அறிக்கையை, படத்தையும் நேரத்தையும் நானே ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் ஒருபோதும் ஏற்பதில்லை. உங்கள் சட்டத்தரணியும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த இரண்டு குற்றங்களும் நீதவான் நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கப்படுபவை. ஆகவே சம்பவம் நடந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வழக்குக்குப் பதிலாகப் பொலிஸார் எச்சரிக்கையோடு (விசாரணையில் வாசிக்கும் எச்சரிக்கை அல்ல, கையொப்பம் வாங்கிப் பதியும் முறையான எச்சரிக்கை) முடிக்க முன்வரவும் கூடும். எச்சரிக்கை குற்றத்தீர்ப்பல்ல என்பதால் கட்டாயத் தடை அதிலிருந்து பிறக்காது. ஆனால் அதில் கையொப்பமிடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். குற்றத்தீர்ப்பே இல்லாமல், ஒருவர் வன்முறைக்கோ ஒழுங்கின்மைக்கோ காரணமாக இருந்தார் என்று காட்டிப் பொலிஸார் தடை கேட்கும் இன்னொரு பாதையும், 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14 பி என்ற பிரிவில், இருக்கிறது. அங்கே பத்து வருடம் பழைய நடத்தையைக்கூட எடுத்து வைக்கலாம். மகிழ்ச்சியில் ஓடியதை மட்டும் வைத்து அந்தப் பாதையில் தடை வாங்குவது எளிதல்ல என்பது என் கருத்து. ஆயினும் சட்டத்தரணி பார்க்காத எந்தத் தாளிலும் அவர் கையொப்பமிட வேண்டாம்.

வழக்கு வந்தே விட்டால், தடை அநீதியாகும் என்பதைக் காட்ட நல்ல பிள்ளை என்ற ஒரு சொல் போதாது. தாள்கள் வேண்டும். முன்குற்றம் இல்லாமை, துறைப் பேராசிரியரின் கடிதம், சிறுவர்களுக்கு அவர் உதைபந்து பழக்குகிறார் என்றால் அந்த அமைப்பின் கடிதம் (தடை வந்தால் அந்தத் தொண்டு என்னவாகும் என்பதும் அதில் இருக்கட்டும்), அரங்கத்துக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான வழி. அவரே தன் கையால் எழுதும் வருத்தக் கடிதமும் வேண்டும். அதைச் சட்டத்தரணி சொல்லும் நேரத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். உத்தரவு விழுந்தால் கிரவுன் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய ஏறத்தாழ மூன்று வாரமே இருக்கும். பிந்தினால், காலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகுதான் முடிவுக்குக் கொண்டுவரக் கேட்கலாம்.

கழகத்தின் கடிதம் இதிலிருந்து தனியானது. தன் அரங்கத்துக்குள் யாரை விடுவது என்பது கழகத்தின் உரிமை, அதற்கு நீதிமன்றம் தேவையில்லை. 2022-23 பருவத்திலிருந்து மைதானத்துக்குள் இறங்கினாலோ புகைக்குழாய் வைத்திருந்தாலோ குறைந்தது ஒரு வருடம் விலக்குவதென்று லீக்குகள் முடிவெடுத்திருக்கின்றன. சிறுவர்கள் செய்தால் கூட வந்த பெற்றோரும் விலக்கப்படலாம். இப்போதைக்கு, கடிதம் கிடைத்தது, சட்ட ஆலோசனை பெறுகிறோம், பின்னர் பதில் தருவோம் என்று மட்டும் எழுதுங்கள். உருக்கமான விளக்கக் கடிதம் எழுதினால் அது பொலிஸ் கோப்புக்கும் போய்ச்சேரும். வழக்கு முடிந்த பின் கழகத்துக்கு மேன்முறையிட்டு, அதிலும் திருப்தியில்லை என்றால் சுயாதீன உதைபந்தாட்டக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

குடியுரிமை விண்ணப்பத்தை இப்போது அனுப்ப வேண்டாம். நன்னடத்தை பார்க்கும் அந்தப் படிவத்தில் காலம் கடந்த குற்றத்தீர்ப்பையும் மறைக்க முடியாது. நிலுவையிலுள்ள விசாரணையையும் சொல்ல வேண்டும். சிறு தண்டப்பணம் தனியே குடியுரிமையைக் கெடுத்துவிடாமல் போகலாம், மறைத்தது தெரிந்தால் கெடுக்கும். முடிவு வந்தபின் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டி அனுப்புங்கள்.

கடவுச்சீட்டு பற்றிக் கேள்விப்பட்டது பாதி உண்மை. இன்று, விசாரணைக் கட்டத்தில், இந்தச் சட்டத்தின் கீழ் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. தடை உத்தரவு வந்தால்தான், இங்கிலாந்து அல்லது வேல்ஸ் அணியோ கழகங்களோ வெளிநாட்டில் ஆடும் குறிப்பிட்ட நாட்களில் அதை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் திரும்பத் தருவார்கள். உலகக் கிண்ணமோ ஐரோப்பியக் கிண்ணமோ நடக்கும் கோடையில் அந்த நாட்கள் வாரக்கணக்கில் நீளும். திவசத் திதி அதற்குள் விழுந்தால் விசேட காரணம் காட்டித் தடை உத்தரவு அதிகார அலுவலகத்திடம் விலக்குக் கேட்கலாம். மறுத்தால் நீதவான் நீதிமன்றத்தில் முறையிடலாம். ஐயரிடம் திதியை எழுத்தில் வாங்கி, அம்மாவின் மரணச் சான்றிதழ் பிரதியோடும் விமானச்சீட்டு முன்பதிவோடும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விசாரணைக் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் அதே கோப்பில் வைத்து, மகனின் கைத்தொலைபேசியை அவரிடமே விட்டுவிட்டு, நாளை காலை ஒரு குற்றவியல் சட்டத்தரணியை அழையுங்கள்.