கரண்டு பில்லு, ரேஷன் பருப்பு, தீபாவளி சீட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி வீட்டுச் செலவு பத்திதான். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து, கொஞ்சம் சுருக்கி போட்டிருக்கோம்.

அக்கா, எங்க வீட்ல நாலு பேரு. போன பில்லு 490 யூனிட், இந்த தடவ 515. வெறும் 25 யூனிட்தான் கூட, ஆனா 400 ரூபாய்க்கு மேல ஏறிடுச்சு. மீட்டர் கோளாறா, இல்ல ரீடிங் எடுக்க வந்தவரு தப்பா போட்டுட்டாரா?
வாசகி, திருப்பூர்

மீட்டரும் சரியாதான் இருக்கு, ரீடிங் எடுத்தவரும் சரியாதான் எடுத்திருக்காரு. நீங்க 500-ங்கற கோட்டை தாண்டிட்டீங்க, அவ்ளோதான். வீட்டு கரண்டுக்கு ரெண்டு கணக்கு இருக்கும்மா, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணு, தாண்டினவங்களுக்கு வேற. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்ட வச்சு சொல்றேன், அதுக்கப்புறம் யூனிட்டுக்கு சில காசு ஏறியிருக்கு. 500-க்குள்ள நின்னா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100-க்கு 2.25, அப்புறம் 400 வரைக்கும் 4.50, கடைசி 100-க்கு 6 ரூபா. அந்த கணக்குல 490 யூனிட்டுக்கு 1,665 ரூபா வரும். 500-ஐ தாண்டிட்டா முதல் 100 ஃப்ரீ இருக்கும், ஆனா அந்த 2.25 ரேட்டே கிடையாது, 101-லேர்ந்து 400 வரைக்கும் மொத்தமும் 4.50, அடுத்த 100-க்கு அதே 6 ரூபா, 501-லேர்ந்து 600 வரைக்கும் ஒவ்வொண்ணும் 8 ரூபா. 515-க்கு 2,070. அதாவது அந்த 25 யூனிட்டுக்கு மட்டும் யூனிட்டுக்கு 16 ரூபாய்க்கு மேல குடுத்திருக்கீங்க!

500-ஐ 60 நாளுக்கு பிரிச்சா ஒரு நாளைக்கு 8 யூனிட் சொச்சம். ரீடிங் எடுத்த தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுட்டு, ஒரு மாசம் கழிச்சு நீங்களே மீட்டர போய் பாருங்க. 250 தாண்டியிருந்தா இன்னும் ஒரு மாசம் கையில இருக்கு, சமாளிச்சுக்கலாம். பில்லு வந்தப்புறம் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்க குறைக்கறதுன்னு கேப்பீங்க. எல்லாரும் லைட்ட ஆஃப் பண்ணு லைட்ட ஆஃப் பண்ணுன்னு பிள்ளைங்கள திட்டறோம், எல்இடி பல்பு 9 வாட்தான், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஃபேன பாருங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்டு கம்மியா இழுக்கற மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட் கிட்டதான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுத்தற ஃபேன மாத்தினா ரெண்டு மாசத்துல 40 யூனிட் மிச்சம், ரெண்டு ஃபேன்னா 80. ஒரு ஃபேன் 2,500, 3,000 ஆகும், அதனால எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க, ஹால்லயும் படுக்கற ரூம்லயும் இருக்கறத மட்டும் மாத்துங்க, விருந்தாளி வந்தா மட்டும் போடற ரூமுக்கு பழசே இருக்கட்டும். அப்புறம் கீசர். 2,000 வாட் கீசர் தெனமும் அரை மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 60. நம்ம ஊர் வெயிலுக்கு மார்கழி தை தவிர மத்த மாசத்துல அது எதுக்குன்னே எனக்கு புரியல. ஏசி இருந்தா 26-ல வச்சு கூடவே ஃபேன சின்னதா ஓட விடுங்க. 2020 ஜனவரிலேர்ந்து வர்ற ஸ்டார் போட்ட ஏசியெல்லாம் ஆன் பண்ணா 24-லதான் நிக்கும், நாமதான் ரிமோட்ட எடுத்து 18-க்கு கொண்டு போறோம்.

வணக்கம். நான் ரிட்டயர்டு ஆசாமி. தெனமும் காலைல பைக்ல ஆறு கிலோமீட்டர் போய் உழவர் சந்தைல காய் வாங்கிட்டு வரேன், கடைய விட மலிவு. வீட்டம்மா இது வெட்டி அலைச்சல்னு சொல்றாங்க. யாரு சொல்றது சரி?
வாசகர், மதுரை

ஐயா, அம்மா சொல்றதுதான் சரி, கோவிச்சுக்காதீங்க. உழவர் சந்தைல ஒரு குறையும் இல்ல, 1999 நவம்பர்ல முதல் சந்தை திறந்ததே உங்க ஊர்லதான். குறை தெனமும் போறதுலதான் இருக்கு. போக வர 12 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபா சொச்சம், பைக் 45 குடுத்தாலும் 27 ரூபா ரோட்லயே போயிடுது. அரை கிலோ கத்திரிக்காயும் ஒரு கட்டு கீரையும் வாங்கி அந்த 27 ரூபாய மிச்சம் பிடிக்க முடியுமா சொல்லுங்க. வாரத்துல ரெண்டு நாள் போங்க, சீக்கிரமே போங்க, உள்ள எழுதிப் போட்டிருக்கற விலைப் பலகைய பாத்துட்டு வாங்குங்க. கீரைய வாங்கின அன்னிக்கும், வெண்டை, கத்திரி, அவரைய அடுத்த ரெண்டு நாள்லயும் சமைச்சுட்டு சேனை, பூசணி, உருளைய கடைசிக்கு தள்ளி வைங்க. வாக்கிங் போகணும்னு ஆசையா இருந்தா அது தனி, பைக் இல்லாம போங்க.

சிலிண்டர் 35 நாள் கூட வர மாட்டேங்குது. மூணு பேருதான். என்ன பண்றது?
வாசகி, ஈரோடு

குக்கர்ல விசில் எண்றத நிறுத்துங்க. விசில்னா உள்ள இருக்கற ஆவி வெளிய போகுது, நீங்க காசு குடுத்து வாங்கின கேஸ் ஜன்னல் வழியா போகுதுன்னு அர்த்தம். முதல் விசில் வந்த உடனே சிம்ல வச்சு நேரம் பாத்து இறக்குங்க, பருப்பு குழையும். கீழ் தட்டுல அரிசி, மேல் தட்டுல பருப்பு, அதுக்கும் மேல ரெண்டு உருளைக்கிழங்குன்னு ஒரே தடவைல முடிங்க. கொண்டக்கடலை, பட்டாணிய ராத்திரியே ஊற போட்டுடுங்க, துவரம்பருப்பு கூட அரை மணி ஊறினா நல்லா தெரியும் வித்தியாசம். தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் அடைச்சிருக்கு, ஊசி வச்சு சுத்தம் பண்ணுங்க. இவ்ளோ பண்ணியும் 35 நாள்தான்னா ட்யூப் லீக்கான்னு சோப்பு தண்ணி தடவி பாருங்க. கேஸ் ட்யூப மட்டும் காசு மிச்சம்னு மாத்தாம விடாதீங்க.

ரெண்டு பேரும் வேலைக்கு போறோம். எங்ககிட்ட அரிசி கார்டு இருக்கு, ஆனா ரேஷன் கடைல போய் நிக்க ஒரு மாதிரியா இருக்கு. வாங்கின ஒரு தடவையும் அரிசில பிளாஸ்டிக் மாதிரி ஏதோ கலந்திருந்துச்சு, பயந்து கொட்டிட்டோம்.
வாசகி, சென்னை

அய்யோ, அது பிளாஸ்டிக் இல்லம்மா! செறிவூட்டின அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 எல்லாம் சேத்து அரிசி மாதிரியே அச்சுல வார்த்து, நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்குன்னு கலந்திருக்காங்க. நெறம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், சிலது தண்ணில மிதக்கும், அத பொறுக்கி போட்டா சத்ததான் தூக்கி போடறீங்க.

நிக்க ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்றது எனக்கு புரியல. கார்டுக்கு துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, இது ரெண்டும் வெளிய வாங்கினா 200-ஐ தாண்டும். அரிசி 2011-லேர்ந்து காசே இல்ல. சாதத்துக்கு பிடிக்கலன்னா புழுங்கலரிசிய இட்லிக்கு போடுங்க, நாலுக்கு ஒண்ணு உளுந்து, அரிசிய நாலஞ்சு தடவ நல்லா கழுவினா அந்த பழைய வாடை போயிடும். தோசை மொறுமொறுன்னு வரும், எத்தனையோ ஹோட்டல் மாவ விட தேவல. நெஜமாவே வேண்டாம்னா வேண்டாம், ஆனா வாங்கி வெளிய விக்கற வேலை மட்டும் வேண்டாம், அது குத்தம்.

அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், பிரஷர் மாத்திரைக்கே மாசம் 3,000 ஆகுது. அப்பா செலவ பாத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறாரு.
வாசகர், சேலம்

தம்பி, மொதல்ல அப்பாவ அத நிறுத்த சொல்லுங்க, இன்னிக்கே. மாத்திரைய விட்டு விட்டு போட்டு மிச்சம் பிடிக்கற காசெல்லாம் பின்னாடி ஆஸ்பத்திரில கொண்டு போய் கட்டறதுக்குதான். பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சா இந்த ரெண்டுக்கும் மாத்திரை இலவசம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்கற ஏற்பாடும் இருக்கு, உங்க ஏரியா சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க. தனியார் டாக்டர்தான் வேணும்னா மாத்திரையோட மருந்து பேர, கம்பெனி பேர இல்ல, எழுதி குடுக்க சொல்லுங்க, அத எடுத்துட்டு, மலிவு விலைல மாத்திரை விக்கற மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போங்க. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரில ஒரே நாள்ல 1,000 எடத்துல திறந்தாங்க. மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா தீபாவளி சீட்டு நடத்தறாங்க. மாசம் 1,000, பன்னெண்டு மாசம் கட்டினா பணத்தோட வெள்ளிக்காசு, ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு எல்லாம் தராங்களாம். சேரலாமா?
வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். அந்த அக்கா நல்லவங்களாவே இருக்கலாம், நான் அவங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்களுக்கு ஒரு ஆபரேஷன் செலவு வந்துடுச்சு, இல்ல அவங்க பணம் குடுத்து வச்ச எடம் கவுந்துடுச்சுன்னா நீங்க யார்கிட்ட போய் கேப்பீங்க? கையில இருக்கறது ஒரு சின்ன அட்டை, அதுல பால்பாயிண்ட்ல போட்ட டிக் மார்க். சீட்டு கம்பெனிக்கு 1982-லேயே சட்டம் இருக்கு, பதிவு பண்ணனும், நடத்தறவர் கமிஷன் 7 பர்சன்ட்டுக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு 2019-ல திருத்தமே வந்தாச்சு. சேர்றதா இருந்தா பதிவு நம்பர கேளுங்க, மழுப்பினா வந்துடுங்க.

இதுவே பேங்க்ல ஒரு வருஷ ஆர்டி, அதான் மாசா மாசம் கட்டற சேமிப்பு, போட்டா 12,000-க்கு வட்டி 400 ரூபா சொச்சம்தான் வரும், வெள்ளிக்காசு முன்னாடி அது ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனா பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாசம் 100 ரூபாய்க்கே ஆரம்பிக்கலாம், ஆனா அது அஞ்சு வருஷம், தீபாவளிக்கு உதவாது, பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வேணா நல்லது. சம்பளம் வர்ற மறுநாளே ஆர்டிக்கு தானா போற மாதிரி வச்சிடுங்க. பட்டாச மொத்தமா நாலு வீடு சேந்து வாங்குங்க. ஏற்கனவே பாதி கட்டியாச்சுன்னா பாதில சண்ட போடாதீங்க, கட்டினதுக்கெல்லாம் கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

மாசம் 32,000 சம்பளம். டீ, சிகரெட்டு எல்லாத்தையும் விட்டுட்டேன், ஆனாலும் மாசக் கடைசில கை காலி. கிரெடிட் கார்டுல 60,000 பாக்கி, மினிமம் டியூ, அதாவது மாசம் கட்டாயம் கட்டவேண்டிய குறைஞ்ச தொகைய மட்டும் ஒழுங்கா கட்டிட்டு வரேன்.
வாசகர், கோயம்புத்தூர்

ஒழுங்கா கட்டறேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் வினை. கார்டு பாக்கிக்கு மாசம் மூணரை பர்சன்ட் வட்டின்னு வச்சா 60,000-க்கு மாசம் 2,100, அந்த வட்டி மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, மொத்தம் 2,500 கிட்ட. டீய விட்டு மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்கதான் போகுது. வீட்ல நகை இருந்தா, அம்மாகிட்டயோ சம்சாரத்துகிட்டயோ நெலமைய ஒளிக்காம சொல்லி, பேங்க்ல வச்சு கார்ட மொத்தமா அடைங்க. நகைக்கடனுக்கு வருஷத்துக்கே 9, 10 பர்சன்ட்தான், கார்டுக்கு வருஷத்துக்கு 40-ஐ தாண்டுது. அடைச்சப்புறம் கார்ட போன்ல இருக்கற சாப்பாட்டு ஆப், மளிகை ஆப் எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடுங்க. சிகரெட்ட விட்டது ரொம்ப நல்லது, டீய திரும்ப ஆரம்பிச்சுக்கோங்க.

என் மாமியார் வடை பொரிச்ச எண்ணெய ஒரு வாரம் வச்சு திரும்ப திரும்ப பொரிக்கறாங்க. கேட்டா சிக்கனம்ங்கறாங்க.
வாசகி, கும்பகோணம்

எண்ணெய் விலைய பாத்தா அவங்க மனசு புரியுது, ஆனா அது வேண்டாம். காய்ச்சின எண்ணெய திரும்ப திரும்ப காய்ச்சினா கருத்து, கெட்டியாகி, கெடுதலாயிடும். சின்ன இலுப்பச்சட்டில கொஞ்சமா எண்ணெய் ஊத்தி நாலு நாலு வடையா போட சொல்லுங்க, மிஞ்சறத வடிகட்டி ரெண்டு நாளைக்குள்ள தாளிக்கவும் தோசைக்கும் தீத்துடுங்க. ஆனா இத நீங்க போய் சொல்லாதீங்க, உங்க வீட்டுக்காரர விட்டு சொல்லுங்க. அந்த வடைய அதிகமா சாப்பிடறது அவராதான் இருக்கும்!