நானோ துகளும் காளை விந்தணுவும்: கேள்வி பதில்

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி): விந்தணு வழியாகக் கன்றுக்குப் புதிய மரபணுவைக் கொண்டுசெல்ல, அந்த மரபணுவுள்ள டிஎன்ஏவை விந்தணுவோடு நேரடியாகக் கலந்தால் போதாதா? கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நானோ துகள் எதற்கு?

பதில்: கலந்து பார்த்திருக்கிறார்கள். 1971இல் முயல் விந்தணுவும் 1989இல் சுண்டெலி விந்தணுவும் வெளி டிஎன்ஏவை ஏற்பதாக ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் சுண்டெலி ஆய்வைப் பிற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. விந்தணுவின் மேற்பரப்பும் டிஎன்ஏவும் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. விந்துத் திரவத்தின் புரதங்களும் டிஎன்ஏ ஒட்டுவதைத் தடுக்கின்றன. நேர்மின்னேற்றமுள்ள பாலிமர் துகள் டிஎன்ஏவைச் சுமந்து சென்றால் இத்தடைகள் குறையும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): துகள் விந்தணுவைக் கெடுக்குமா?

பதில்: அது துகளின் பொருளையும் அளவையும் பொறுத்தது. துளைகள் நிறைந்த சிலிக்கா துகள்களோடு பன்றி விந்தணுவை வைத்துப் பார்த்த ஆய்வில் இயக்கமோ உயிர்ப்போ குறையவில்லை. நேர்மின்னேற்றமுள்ள துகளை அளவுக்கு மீறிச் சேர்த்தாலோ, விந்தணுக்கள் தலையோடு தலை ஒட்டிக் கொத்தாகிவிடும். நுண்ணோக்கியில் வால்கள் அடித்துக்கொண்டே இருக்க, கொத்து இருந்த இடத்திலேயே நிற்பதைக் காணலாம். விந்தணுச் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி என்பதால் ஆக்சிஜனேற்றம் அதை எளிதில் தாக்கும். நேர்ந்த சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றலும் விந்தணுவுக்கு மிகக் குறைவு. ஒன்றை வலியுறுத்துகிறேன்: துகள் சேர்க்கும் முன் விந்துத் திரவத்தை நீக்க விந்தணுவைக் கழுவி, வேகமாகச் சுழலும் மையவிலக்கியில் சுழற்றுகிறோம், அதுவே ஓரளவு சேதம் தரும். ஆகவே அதே முறையில் கழுவிய, துகள் சேர்க்காத விந்தணுவோடு ஒப்பிடாமல் துகளின் மீது பழி போடக் கூடாது.

கேள்வி (கறவை மாடு வளர்ப்பவர்): இப்படி மரபணு ஏற்றிய உறைவிந்தைச் சினை ஊசியாகப் போட்டால் கன்றுக்கு அந்தக் குணம் வருமா?

பதில்: ஐயா, அந்த நம்பிக்கையில் இப்போது பணம் கொடுக்க வேண்டாம். விந்தணுவின் தலையில் டிஎன்ஏ புரோட்டமின் புரதத்தால் இறுகச் சுருட்டப்பட்டிருப்பதால், உள்ளே நுழைந்த மரபணுவும் அதில் இணைவது அரிது. மரபணு நுழைந்ததற்கு அடையாளமாகக் கருவில் ஒளிரும் புரதம் தெரிந்தாலும், இணையாத மரபணு செல்கள் பிரியப் பிரியத் தேய்ந்து மறைந்துவிடலாம். பிறந்த கன்றின் பல திசுக்களிலும், அது ஈனும் கன்றிலும் அந்த மரபணு இருப்பதைக் காட்டினால்தான் நான் ஏற்பேன்.

கேள்வி (விந்து ஆய்வகப் பணியாளர்): அப்படியானால் இத்துகள்களால் வேறு பயன் உண்டா?

பதில்: உண்டு. பழுதான விந்தணுவில் மட்டும் ஒட்டும் காந்தத் துகள்களைச் சேர்த்து, காந்தத்தால் அவற்றைப் பிரித்தெடுக்கும் முறை காளை விந்தில் சோதிக்கப்பட்டுள்ளது. இதில் மரபணு எதுவும் மாற்றப்படுவதில்லை.