வீட்டில் நன்றாக வரும் கொம்புச்சா, விற்பனைக்குப் போட்டால் பாட்டிலில் பொங்குவது ஏன்?

கொம்புச்சா என்பது ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து புளிக்க வைக்கும் இனிப்புத் தேநீர். கேட்டவர் 3 லிட்டர் ஜாடியில் போட்டுக் கைபழகியவர். இனி 100 லிட்டராகப் போட்டு விற்க நினைக்கிறார். ருசியில் குறையில்லை, ஆனால் இரண்டு மூன்று நாள் வெளியே இருந்த பாட்டில்களைத் திறந்தால் பாதி தரையில் என்கிறார். கொம்புச்சா போடுவது சுலபம். மூடி போட்ட பிறகு அதை அடக்கி வைப்பதுதான் தொழில்.

திறந்த ஜாடியில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும். மேலே காற்றுப் படும் இடத்தில் உள்ள பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றிவிடும். ஒன்று சம்பாதிக்க மற்றொன்று செலவழிக்கும். மூடி போட்டதும் காற்று நின்றுபோகும், பாக்டீரியா ஓயும், ஈஸ்டுக்கோ காற்றே தேவையில்லை. அதனால் மூடிய பாட்டிலில் வாயு, ஆல்கஹால் இரண்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் 10 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் சுமார் 5 கிராம் வாயு, அதாவது ஒரு பீர் பாட்டிலில் வழக்கமாக இருக்கும் அளவு. கூடவே ஏறக்குறைய 0.65 சதவீத ஆல்கஹால். அமெரிக்காவில் 0.5 சதவீதம் தொட்டாலே அது மதுபானக் கணக்கு. 2010இல் அங்கே கடைகளிலிருந்து கொம்புச்சா திரும்பப் பெறப்பட்டது இந்தச் சிக்கலால்தான். உங்கள் நாட்டு வரம்பை முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பாக இருக்கும்போதே அடைத்த கொம்புச்சாவில் லிட்டருக்கு 30, 40 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கும். அத்தனையும் நொதித்தால் பொங்குவதோடு நிற்காது, கண்ணாடி வெடிக்கும். சாதாரணப் பழச்சாற்றை லிட்டருக்கு 100 மில்லி சேர்த்தாலே 10 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. என்னைக் கேட்டால், விற்பனைச் சரக்குக்கு இஞ்சி, மூலிகை, பழத்தோல் போன்ற வாசனைகளே போதும்.

100 லிட்டருக்கு அளவு: தேயிலை 600 கிராம், சர்க்கரை 6 முதல் 7 கிலோ, நன்கு புளித்த பழைய கொம்புச்சா (உறை) 12 லிட்டர். வாசனை எண்ணெய் கலந்த தேயிலை வேண்டாம். 20 லிட்டர் கொதிநீரில் தேயிலையை 10 நிமிடம் ஊறவைத்து வடித்து, சர்க்கரையைக் கரைத்து, மீதிக்குக் குளோரின் நீக்கிய குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். 30 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே உறை. கலந்த உடனே பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகும். பிஎச் காகிதம் தேநீர் நிறத்தில் ஏமாற்றும். மீட்டர் வாங்கி, பிஎச் 4.01, 7.00 என்று குறித்து விற்கும் கரைசல்களில் அடிக்கடி சரிபாருங்கள்.

3 லிட்டரிலிருந்து ஒரே தாவாக 100க்குப் போக முடியாது, அவ்வளவு உறை இருக்காது. 20 லிட்டர் போட்டு, அது புளித்ததும் 100. உறையை மேற்பரப்பிலிருந்து எடுங்கள். அடியில் எடுத்தால் ஈஸ்ட் வண்டல்தான் வரும். நாலைந்து முறை அப்படி எடுத்தால் வாயுவும் கந்தக வாடையும் கூடும், புளிப்பு பின்தங்கும். மேலே மிதக்கும் ஸ்கோபித் தட்டை (பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து கட்டும் ஆடை)ப் பொத்திப் பொத்தி வளர்ப்பவர்கள் உண்டு. வேலை செய்வது திரவம், தட்டு இல்லாமலும் நொதிக்கும்.

பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுத் தரப் பிளாஸ்டிக் சரி. அலுமினியம், செம்பு, பித்தளை கூடவே கூடாது. வாயை நெருக்கமான பருத்தித் துணியால் இறுகக் கட்டுங்கள், சல்லடைத் துணியில் பழ ஈ நுழைந்துவிடும். மேலே உலர்ந்த, பஞ்சு போன்ற புள்ளி தெரிந்தால் பூஞ்சை. புள்ளியை மட்டும் வழித்தெடுக்காமல் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிடுங்கள். தட்டுக்கு அடியில் தொங்கும் பழுப்பு நூல் வெறும் ஈஸ்ட்தான்.

24 முதல் 28 டிகிரியில் 7 முதல் 14 நாளில் பிஎச் 3.0 - 3.2 வரும். ருசி பிடித்ததும் 2 - 4 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். ஈஸ்ட் அடியில் படியும், தெளிவை மட்டும் இறக்கி 1 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். ஈஸ்ட் பெரிது, பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். பாக்டீரியாவில் கணிசமான பகுதி தாண்டிப் போகும். வாயுவை பாட்டிலுக்குள் நொதிக்க வைத்துப் பெறாதீர்கள். எவர்சில்வர் கெக்கில் (அழுத்தம் தாங்கும் மூடிய பீப்பாய்) 2 டிகிரியில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் ஐந்து நாள் வெளியிலிருந்து ஏற்றுங்கள். அழுத்தம் தாங்கும் வட்டப் பாட்டிலில் அடையுங்கள். சதுரப் பாட்டில் பார்க்க அழகு, மூலைகளில் பலவீனம்.

ஒவ்வொரு தொகுதியிலும் வாயு ஏற்றும் முன்பே ஒரு மெல்லிய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி, அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வையுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் குழியவே குழியாமல் கல்லாக இருந்தால், கடையில் மின்சாரம் நின்ற நாளில் உங்கள் கண்ணாடிப் பாட்டிலும் அப்படித்தான் இருக்கும். அந்தத் தொகுதி வெளியே போகக் கூடாது. ஆல்கஹாலை ஹைட்ரோமீட்டரில் பார்க்காதீர்கள். புளிப்பு அமிலங்களும் அடர்த்தியை மாற்றுவதால் கணக்கு தவறும். ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃபி (ஆல்கஹாலைத் தனியே பிரித்து அளக்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள், அடைத்த அன்றைய பாட்டிலையும் காலாவதி நாளை நெருங்கிய பாட்டிலையும் சேர்த்து அனுப்பி.

லேபிளில் 'புரோபயாடிக்' என்று போடும் ஆசை வரும். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்பது 2001இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் (எஃப்ஏஓ) உலக சுகாதார அமைப்பும் தந்த வரையறை. கொம்புச்சாவில் இயல்பாக இருப்பவை தொகுதிக்குத் தொகுதி மாறுகிறவை, அந்த நன்மை நிரூபிக்கப்பட்ட ரகங்களும் அல்ல. அந்தச் சொல்லை எழுதியே ஆக வேண்டுமென்றால், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்ற, புளிப்பைத் தாங்கும் பாக்டீரியா ரகத்தை அளந்து சேர்த்து, காலாவதி நாள் வரை எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். இல்லையேல் 'உயிருள்ள நொதித்த பானம், 4 டிகிரியில் வைக்கவும்' என்று போடுங்கள்.